கை சும்மா இருக்கும்போது

ஜனவரி 6
மணிக்கட்டு வீக்கம் வடியும்வரை மிருதங்கத்தைத் தொடக்கூடாதாம். வாய் இருக்கிறது, கொன்னக்கோல் போதும்.

ஜனவரி 8
போதவில்லை. ஆதி தாளத்தின் 32 மாத்திரைக்குள் கோர்வையை எத்தனை விதமாகவும் வாயாலேயே அடுக்கிவிடலாம். அரை இடம் தள்ளிய எடுப்புக்கும் பிசகாமல் வந்து நிற்கிறது. ஆக, கணக்குக்குக் கை தேவையே இல்லை. ஆனால் கை ஓய்ந்ததும் காணாமல் போனது, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கிதான். விரல்கள் விழுந்த மறுகணம் உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்தி நகர, ஒலி மேலேறிக் குழையும். அழுத்தம் கூடினால் அடைத்துப்போகும். குறைந்தால் வெறும் தொம். ரவைப் பசை காய்ந்துவிட்டால் அதே அழுத்தம் வேறு ஒலி தரும். எந்த நோட்டிலும் இதை எழுதிவைக்க முடியாது. ஆனாலும் இது முழுக்க முழுக்கக் கைப்பழக்கம், சாதகத்தில் வருவது. சௌக்கியமான வாசிப்பு என்று ரசிகர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். அப்புறம் எப்படி சாதகத்தை ஒரு கட்சியாகவும் சௌக்கியத்தை எதிர்க்கட்சியாகவும் பேசுகிறார்கள்?

ஜனவரி 9
எரிச்சல்.

ஜனவரி 17
சாதகக் கட்சியின் எதிர்வாதம் லேசானதல்ல. பிஞ்சுக் கையிடம் சௌக்கியம் பேசினால் சோம்பல்தான் வளரும். தா தி தொம் நம் மூன்று காலமும் ஓடட்டும், நாதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையே பதில். கணக்குக்குப் பேர்போன புதுக்கோட்டை வழியில் வந்தவர். அவருடைய ஒலிப்பதிவுகளில் கணக்கு முடிந்தபின் நாதம் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. கோர்வையின் கார்வைகளே தொப்பி ஒலித்து அடங்க இடம்விட்டு நிற்கின்றன. பின்னால் சேர்த்துக்கொள்ளும் சரக்கு அல்ல அது. பாலக்காடு மணி ஐயரிடம் இல்லாத வேகமா? அவரே மைக் வேண்டாம் என்றது நாதத்துக்காகத்தான். (வேகத்துக்குக் கைதட்டல் நிச்சயம், டிசம்பர் சீசனில் பார்க்காததா!)

ஜனவரி 18
வீக்கம் வடிகிறது.

ஜனவரி 26
ஒன்று இடிக்கிறது. கொன்னக்கோலிலும் குழைவு உண்டு. தேர்ந்த வித்வான் ‘தொம்’ சொன்னால் குரலே இறங்கி உருள்கிறது. அங்கே தோலும் இல்லை, பசையும் இல்லை. எல்லாம் காதில்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் காது தேறியும் கை தேறாதவர்கள் சபா நிறைய உட்கார்ந்திருக்கிறார்களே.