எட்டு மில்லிமீட்டர் ஆழத்தில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒளியின் வலிமையைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெல்டிங் பொறியை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டால் அன்றிரவு கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். இணைப்புகளைச் சோதிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்ததால்தானோ என்னவோ, பல் மருத்துவரின் கையிலிருந்த சின்ன நீல விளக்கின்மேல் எனக்கு ஈடுபாடு வந்தது.

திருவள்ளூரில் ஓரிடத்தில் கடைவாய்ப் பல்லுக்கு வைத்த வெள்ளை அடைப்பு, ஒன்றரை ஆண்டில் பக்கவாட்டு விளிம்பில் பெயர்ந்தது. அடுத்துப் பார்த்த மருத்துவர், அடிப்பகுதி சரியாக இறுகாமல் இருந்திருக்கலாம் என்றார். மேலே கல்லாகத்தானே இருந்தது என்று கேட்டேன். "மேலே எப்பவும் கல்லுதான் சார். வம்பெல்லாம் கீழே."

காம்போசிட் என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த பசை. அதன் மூலப் பிசினுக்கு அமெரிக்கரான ரஃபேல் போவன் 1962-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய பசைகள் பெரும்பாலானவற்றில் நீல ஒளியை வாங்கிக்கொண்டு இறுகலைத் தொடங்கிவைப்பது கேம்பர்குவினோன். சாட்சாத் நம் பூசையறைக் கற்பூரத்தின் வழித்தோன்றல். சுமார் 468 நானோமீட்டர் அலைநீளத்தில் அது ஒளியை மிகுதியாக ஏற்கிறது. ஒளி போதாத இடத்தில் மூலக்கூறுகள் முழுமையாகக் கைகோப்பதில்லை.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. விளக்கின் நுனி பல்லின் மேல்முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், இரு பற்களுக்கிடையே தோண்டிய குழியின் தரை 6 முதல் 8 மில்லிமீட்டர் கீழே கிடக்கும். கருவியின் பெட்டியில் அச்சிட்ட எண்ணோ நுனியில் அளந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட் ஒளியை 20 வினாடி காட்டினால் 20 ஜூல். ஒளிக்கற்றை விரிந்து செறிவு தரையில் பாதியானால் 10 ஜூல்தான். சில கருவிகளில் அதற்கும் கீழே போகும். எவ்வளவு குறையும் என்பது கருவிக்குக் கருவி மாறுபடுவதால், பள்ளியில் படித்த இருமடி விதி இங்கே அப்படியே செல்லாது. ஆகவே 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, அடி அடுக்குக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நீல ஒளி கண்ணுக்கு ஆகாது. ஆரஞ்சுத் தடுப்பு இல்லாத மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கை மெல்ல நகர்ந்துவிடும். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ரிச்சர்ட் பிரைஸ் குழுவினர், பொம்மைத் தலையின் பற்களில் உணரிகள் பொருத்தி, ஒரே விளக்கைக் கொண்டு ஆளாளுக்கு எவ்வளவு வேறுபட்ட ஆற்றலைச் செலுத்துகிறார்கள் என்று காட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைத்த இணைப்பை நான் ஒருநாளும் தேர்ச்சியாக்கியதில்லை.

பழைய பாதரச அடைப்பு இருட்டிலும் தானே இறுகும். 2013-ன் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் உலகெங்கும் அது ஒதுக்கப்பட்டு வருகிறது. இந்தியாவும் 2018-ல் அதை ஏற்புறுதி செய்தது. நல்லதுதான். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடைப்பு பெயர்ந்தால், மறுபடி வைக்க ஒருநாள் கூலி போகும்.

இரண்டாம் மருத்துவர் தொடங்குமுன் விளக்கின் நுனியில் ஒட்டியிருந்த பழைய பிசினைச் சுரண்டினார். ஆரஞ்சுத் தட்டு வழியே பார்த்தபடியே அடி அடுக்குக்கு 40 வினாடி பிடித்தார். ஒளியை அளந்து பார்ப்பதுண்டா என்று கேட்டேன். மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கையளவு மீட்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார்.