சரளைச் சாலை மிதிவண்டி: கொடுக்கும் விலைக்குத் தகுமா?



படிவம் நான்கில் பயிலும் தம் மகனுக்குக் 'கிரேவல் பைக்' வாங்கித் தரலாமா என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். மகன் காட்டியது அவ்வகையில் ஆகக் குறைந்த விலையுள்ள வண்டிதான். ஆயினும் தோட்டத்தில் உழைக்கும் அவருக்கு அது பெருந்தொகை. வார இறுதியில் மிதிவண்டி ஓட்டும் பழக்கம் எனக்குண்டு என்பதால் கேட்டிருக்கிறார்.

இவ்வண்டிக்குப் பந்தய மிதிவண்டியின் வளைந்த கைப்பிடி உண்டு. டயரோ 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமானது. தார்ச்சாலையில் விரைந்தோடும், செம்மண்ணிலும் தடுமாறாது. ஸ்கூடாயிலிருந்து கங்கார் பூலாய், ஊலு சோ பக்கம் சென்றால் தாரும் செம்பனைத் தோட்டச் சாலையும் மாறி மாறி வரும். அத்தகைய பயணத்திற்கு இதனினும் பொருத்தமான வண்டி இல்லை என்றே சொல்வேன்.

விலை எங்கே குறைக்கப்படுகிறது என்பதே கேள்வி. தொடக்கநிலை வண்டிகளில் பெரும்பாலும் ஷிமானோவின் கிளாரிஸ் அல்லது சோரா கியர்கள் இருக்கும். பின்சக்கரத்தில் முறையே 8, 9 பற்சக்கரங்கள். (ஷிமானோவின் தொழிற்சாலை ஒன்று நம் பக்கத்துப் பெக்கான் நனாசிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது.) சரளைச் சாலைக்கென்றே அந்நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜிஆர்எக்ஸ் வகை விலை கூடியது. அது இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. முன்னே 34 பல், பின்னே 34 பல் இருந்தால் நம் மேடுகளுக்குப் போதும்.

பிரேக்கில் மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாரு உள்வட்டச் சாலையில் கார் மோதி எட்டுச் சிறுவர்கள் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவர்கள் ஓட்டியவை 'பாசிக்கல் லாஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட வண்டிகள். அவ்வகை வண்டிகளில் பிரேக்கைக் கழற்றிவிடுவது வழக்கம். மலிவு கிரேவல் வண்டிகளில் கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் இருக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதைவிட அதை அழுத்தக் கூடுதல் விசை வேண்டும். நம் மழையில் கம்பி துருப்பிடிக்கும். ஆனால் எந்தக் கடையிலும் சில ரிங்கிட்டுக்கு மாற்றிவிடலாம். ஆகவே அதைக் குறையாகக் கருதவில்லை. வளைந்த கைப்பிடியின் மேற்பகுதியைப் பற்றியிருக்கையில் விரல்கள் பிரேக்கை எட்டாது என்பதே என் கவலை.

தலைக்கவசம், விளக்கு, பூட்டு, சேற்றுக்காப்பு எதுவும் விலையில் அடங்கா. பல வண்டிகளில் மிதிகட்டையும் தனிச்செலவுதான்.

நீண்ட தூரம் ஓட்டும் பெரியவருக்கு இந்த விலை தகும். பள்ளிக்கும் டியூசனுக்கும் சென்றுவரும் பையனுக்கு, அதைவிடக் குறைந்த தொகையில் நேர்க்கைப்பிடியும் எண்ணெய் பிரேக்கும் உள்ள மலை மிதிவண்டியே மேல் என்று அவரிடம் கூறினேன். மகன் முகம் வாடிவிட்டதாம். எதை வாங்கினாலும் அவனையும் கடைக்கு அழைத்துச் சென்று, ஏறி அமரவைத்து அளவு பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை போகிறார்கள்.