நீரற்ற வேளைக்கான தோணி

தோணி வாங்கப் புறப்படுகிறவர், அது நீரில் எப்படி மிதக்கும் என்பதையே முதலில் பார்ப்பார். நாங்களும் அதையே பார்த்தோம். அதனால் பிழை செய்தோம்.

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தின் வடகரையில் லீ-ஆன்-சீ என்றோர் ஊர் உண்டு. எங்கள் சிறு பாய்மரப் படகை அங்கே நிறுத்தியிருந்தோம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற நம் கரையோர ஊர்களில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கோ, பெருவெள்ள நாள்களில் ஐந்து மீட்டரையும் தாண்டும். நீர் வடிந்தால் கண்ணுக்கெட்டும் தொலைவு சேறுதான். அண்டையூரான சௌத்தெண்டில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட படகுத்துறைப் பாலம் எழுந்ததற்கு இந்தச் சேறே காரணம்.

பாய்மரப் படகு தன் இரட்டை அடிக்கட்டைகளை ஊன்றிச் சேற்றில் நிமிர்ந்து நின்றுவிடும். அதற்குப் போய்வரவே ஒரு சிறு தோணி தேவைப்பட்டது. உருண்ட வயிறும் பளபளக்கும் பலகைகளும் கொண்ட மரத்தோணி ஒன்றைத் தேர்ந்தோம். மரக்கலமேறி வாணிபம் செய்த முன்னோரின் மரபினர் என்ற பெருமிதமும் அத்தேர்வில் கலந்திருந்தது. இருவர் சேர்ந்தும் தூக்கவியலாத அதன் கனத்தை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

செப்டம்பர் மாதம், முழுநிலவுக்கு மறுநாள். பாய்மரப் படகில் அஸர் தொழுதபின்னும் பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். நீர் ஒரே சீராக வடிவதில்லை. ஆறு மணி நேர வடிதலில் பாதி நீர் நடு இரண்டு மணி நேரத்திலேயே ஓடிவிடும். கரைக்கு இருநூறு அடி இருக்கையில் தோணி தரை தட்டியது. இறங்கி இழுக்க முயன்றோம். முழங்கால்வரை புதைந்ததுதான் மிச்சம். ஒன்பது வயது மகளுடன் இருளில் காத்திருந்தோம். இரவில் நீர் திரும்பியபோது, சாய்ந்து கிடந்த தோணி மிதக்குமுன்னே அதன் தாழ்ந்த விளிம்பு வழியே நீர் புகுந்தது. மகள் தகரக் குவளையால் இறைக்க, நாங்கள் மறுபக்கம் சாய்ந்து எடை கொடுத்தோம். அல்லாஹ்வின் அருளால் தோணி எழுந்தது.

மறுநாள் மகள் சொன்னாள்: "வாப்பா, அடுத்த தடவை நானும் பிடிச்சு இழுக்கிற மாதிரி ஒண்ணு வாங்குங்க."

அதுவே எங்களுக்கு அளவுகோலாயிற்று. காற்றடைத்த ரப்பர் தோணி இலேசானது. ஆனால் சேற்றில் கிடக்கும் சிப்பி ஓடுகள் அதைக் கிழித்துவிடும். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறார்க்கென வடிவமைத்த 'ஆப்டிமிஸ்ட்' தோணியைக் கண்டோம்: அடி தட்டை, முகப்பும் தட்டை, நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. அந்த அமைப்பிலேயே ஒட்டுப்பலகையில் செய்த பழைய தோணி ஒன்றை வாங்கினோம். தட்டை அடி சேற்றில் சாயாமல் அமர்கிறது. சேறு கவ்விப் பிடித்தாலோ, இருபுறமும் ஆட்டினால் விட்டுவிடுகிறது. அடியில் இரு மரச்சட்டங்கள் பொருத்தியதால் சறுக்கிக்கொண்டும் வருகிறது. மூவரும் ஒன்றாக ஏற முடியாது. இரண்டு நடை போகிறோம்.

பிறை பார்க்கும் வழக்கமும் கைகொடுத்தது. தலைப்பிறையையும் முழுநிலவையும் அடுத்த ஓரிரு நாள்களில் கடல் மிகுதியாக ஏறி, மிகுதியாக வற்றும். அரைநிலவை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் குறைவு. அந்த முகத்துவாரத்தில் பெருவெள்ளம் நண்பகலை ஒட்டியே உச்சமடைவதால், அந்நாள்களில் மாலை முழுவதும் சேறுதான். பிறைக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தும், அதைக் கடலோடு சேர்த்துப் பார்க்க ஓர் இரவு முழுதும் நனைய வேண்டியதாயிற்று.

இப்போது தோணியின் முன்கயிற்றை மகள் பிடிக்கிறாள்; பின்புறத்தை நாங்கள் தள்ளுகிறோம். அழகில் அது பழையதற்கு ஈடாகாது. ஆனால் நீர் இல்லாத வேளையிலும் எங்களுடன் கரைக்கு வந்துவிடுகிறது.