குசினிக்குள் ஒரு கணக்கு

கற்கும் கணக்குக்கும் வாழும் வாழ்வுக்கும் இடையே மதில் ஒன்றை எழுப்பி வைத்திருப்பது நம்மவர் வழக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியிற் பௌதிகம் கற்பித்து வரும் எனக்கு அம்மதிலின் உயரம் நன்கு தெரியும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை, பெருக்கினால் வலு. உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதனை ஒப்புவிக்கும் மாணவர் பலர். ஆயின், தம் வீட்டுக் கேத்தலைப் புரட்டி, அதன் அடியிற் பொறித்துள்ள எண்களைப் பார்த்தவர் வெகு சிலரே.

தடை பற்றிய விதியைக் கண்டவரும் ஓர் ஆசிரியரே என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிற் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789இல் பிறந்த கேயோர்க் சைமன் ஓம், கொலோன் நகரப் பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தைப் பொறுமையோடு அளந்து, கண்ட முடிவை 1827இல் நூலாக்கினார். அறிஞர் உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. 1841இலேதான் இலண்டன் றோயல் சங்கம் கொப்லி பதக்கம் அளித்து அவரைக் கௌரவித்தது. அன்று அறிஞர் சபையிலே இடம் பெறத் தவித்த அவ்விதி, இன்று நம் ஒவ்வொருவரின் குசினிக்குள்ளும் வந்துவிட்டது. நாம்தான் அதனைக் கவனிப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் அயல்வீட்டு அம்மையார் என்னை அழைத்தார். முதியவர், இரு பேரப்பிள்ளைகளோடு வாழ்பவர்.

"மாஸ்ரர், இந்தப் பொயின்ற் பத்து வருசமாய் லைற்றுக்குப் பாவிச்சது. ஒண்டும் நடக்கேல்லை. இப்ப ஏன் சுடுது?" என்றார்.

போய்ப் பார்த்தேன். 5 அம்பியர் பொயின்ற் ஒன்றிலிருந்து நீட்டு வயர் ஒன்று சென்றது. அதன் மறுமுனையிற் கேத்தலும் இஸ்திரிப்பெட்டியும் மாட்டப்பட்டிருந்தன. இடையில் அந்த வயர், சின்னப் பேத்தி இரவிற் படுக்கும் பாயின் கீழாக ஓடியது. பொயின்றின் வெண்ணிறப் பிளாஸ்ரிக் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது.

முதலில் ஆளியை நிறுத்தி யாவற்றையும் கழற்றினேன். பின்னர், சாதாரண தரம் படிக்கும் பேரனை அழைத்துக் கேத்தலைப் புரட்டச் சொன்னேன். 2000 வாற்று என்றிருந்தது. இஸ்திரிப்பெட்டி 1000 வாற்று. "நம் நாட்டு வீடுகளுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ற்று. மின்னோட்டம் எவ்வளவு?" என்றேன். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் 3000ஐ 230ஆல் வகுத்தான். 13 அம்பியர் வந்தது. தாளைப் பார்த்தான், பொயின்றில் 5 என்றிருந்த எண்ணைப் பார்த்தான், பேசவில்லை.

அம்மையாரின் வினாவுக்கு இது பாதி விடையே. பத்து ஆண்டுகள் வாளாவிருந்த பொயின்ற் இன்று சுடுவது ஏன்? பழைய பொயின்றுகளிற் பித்தளை இதழ்கள் தளர்ந்து, பிளக்கின் கால்களைச் செவ்வையாகப் பற்றாமற் போகும். அவ்விடத்திற் சிறு தடை ஒன்று தோன்றும். அது கால் ஓம் என்று கொள்வோம். அத்தடையில் எழும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கிய அளவாகும். 9 வாற்று மின்குமிழ் எடுப்பது 0.04 அம்பியர் மட்டுமே. ஆகவே இணைப்பில் எழும் வெப்பம் ஒரு வாற்றின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 13 அம்பியர் ஓடும்போதோ அதே கால் ஓம் 42 வாற்றுக்கு மேல் வெப்பம் தரும். வானொலிப் பெட்டி திருத்துவோர் ஈயம் உருக்கும் பற்றாசுக்கோலின் வலு ஏறக்குறைய அவ்வளவே. சுண்டுவிரல் நுனியளவான இடத்தில், பிளாஸ்ரிக்கின் நடுவே, பற்றாசுக்கோல் ஒன்றைச் செருகி வைத்தாற்போன்ற நிலை அது.

இங்கே மாணவர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. பேரனும் மயங்கினான். "கேத்தலின் தடை 26 ஓம். இணைப்பின் தடை கால் ஓம்தானே? சிறு தடை எப்படிச் சேர்?" என்றான். நல்ல வினா. தனியே நேராக 230 வோல்ற்றில் மாட்டப்படும் பொருள்களுள் தடை குறைந்ததே மிகுந்த வலுவை எடுக்கும். தளர்ந்த இணைப்போ தனியே நிற்பதன்று. கேத்தலோடும் இஸ்திரிப்பெட்டியோடும் தொடராக நிற்பது. எவ்வளவு மின்னோட்டம் என்பதை அவை தீர்மானிக்கின்றன. இணைப்பு அதனைத் தாங்கியே ஆகவேண்டும். கேத்தலின் வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்ளும். இணைப்பின் வெப்பத்தை வாங்கப் பிளாஸ்ரிக்கையும் பாயையும் அன்றி வேறொன்றும் இல்லை.

"ரிப் சுவிச் இருக்குதுதானே?" என்று சிலர் ஆறுதல் கொள்வர். அது மின்கசிவை உணர்ந்து உயிர் காக்கும் அரிய சாதனம், ஐயமில்லை. ஆயின் தளர்ந்த இணைப்பிற் கசிவு ஏதுமின்றியே வெப்பம் ஏறுமாதலால், அது வாய் திறவாது.

அவ்வீட்டிற் பின்னர் மின்வேலை அறிந்தவர் ஒருவர் வந்து, கேத்தலுக்கெனத் தடித்த வயருடன் வேறு பொயின்ற் அமைத்துக் கொடுத்தார். பாயின் கீழ் இப்போது வயர் இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிற் படிக்கும் பிள்ளை இருப்பின், இன்று மாலை ஒரு தாளைக் கொடுங்கள். வெப்பம் தரும் ஒவ்வொரு பொருளின் வாற்று எண்ணையும் 230ஆல் வகுத்து, அது மாட்டப்படும் பொயின்றின் எண்ணோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரே பொயின்றில் இரண்டு மாட்டுவதாயின் கூட்டி எழுதட்டும். கேத்தலைக் கழற்றியபின் பிளக்கின் உடலைத் தொட்டுப் பார்த்து, சூடெனில் அதனையும் குறிக்கட்டும். அத்தாளைப் பரீட்சைப் புள்ளிக்காக அன்றி, உங்கள் வீட்டுக்காகத் திருத்துங்கள்.