தாத்தாவுக்குக் கிடைக்காத மஞ்சள் சட்டை

2021 ஜூன் 27. பிரான்ஸின் வடமேற்கு மூலையில் மூர் த பிரெத்தான் என்றொரு சிற்றூர். ஊரைத் தாண்டியதும் சாலை இரண்டு கிலோமீட்டருக்குச் செங்குத்தாக ஏறுகிறது. அன்றைக்கு அந்த மேட்டின் உச்சியில் வெற்றிக் கோட்டை முதல் ஆளாகத் தாண்டினார் 26 வயது மாத்யூ வான் டெர் பூல். கையை உயர்த்தி, ஒரு விரலால் வானத்தைக் காட்டினார். பேட்டிக்கு மைக்கை நீட்டியபோது பேச்சு வரவில்லை. அழுதுவிட்டார்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை அவ்வளவாகத் தெரியாதவர்களுக்கு அது ஓர் இளைஞனின் ஆனந்தக் கண்ணீர். தெரிந்தவர்களுக்கோ அது ஒரு குடும்பத்தின் அறுபது வருடக் கணக்கு. அந்தக் கணக்கு புரிய, முதலில் அந்த ரசிகர்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது. ஜூலை மாதத்தில் மூன்று வாரம், 21 கட்டங்களாக ஊர் ஊராக நடக்கும் ஓட்டம் இது. பந்தயம் பார்க்க ஜனங்கள் மைதானத்துக்குப் போவதில்லை. பந்தயமே அவர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. காலையிலேயே மடக்கு நாற்காலி, ரொட்டி, பாலாடைக்கட்டி, குடை சகிதம் தாத்தா பாட்டியிலிருந்து பேரக்குழந்தைகள்வரை சாலையோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். மலைப்பாதை என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே வேனைக் கொண்டுவந்து இடம் பிடித்துவிடுவார்கள். தார்ச்சாலையில் தங்கள் வீரரின் பெயரைப் பெயின்டால் எழுதிவைப்பார்கள்.

வீரர்கள் வருவதற்கு முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும். 1930-லிருந்து நடக்கும் வழக்கம். தொப்பி, மிட்டாய், சாவிக்கொத்து என்று வாரி இறைத்துக்கொண்டே போவார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா.

பிறகு போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம். சர்ரென்று ஒரு காற்று. சமவெளி என்றால் சுமார் 180 பேர் ஒரே கூட்டமாகக் கடந்துபோக ஒரு நிமிடம்கூட ஆகாது. அரை நாள் காத்திருந்ததற்குக் கிடைப்பது அவ்வளவுதான். யாரும் நஷ்டம் என்று நினைப்பதில்லை. அடுத்த வருடமும் வருவார்கள்.

இப்படிக் காத்திருக்கும் ஜனங்கள் 1960-களில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு பக்கம் ழாக் ஆங்க்தில். நறுக்கென்று உடுத்துபவர், நொடிக்கணக்குப் போட்டு ஓட்டுபவர். ஐந்து முறை டூர் டி பிரான்ஸை வென்ற முதல் வீரர் அவர்தான். இன்னொரு பக்கம் ரேமோன் பூலிடோர். க்ரூஸ் என்ற ஏழை மாவட்டத்தில், விவசாயக் கூலிக் குடும்பத்தில் 1936-ல் பிறந்தவர். வெயிலில் காய்ந்த முகம், அதிர்ந்து பேசாத சுபாவம். ஜனங்கள் அவரைச் செல்லமாக 'பூபூ' என்றார்கள்.

ஜெயித்தது ஆங்க்தில். மனசைப் பிடித்தது பூபூ.

1964-ம் வருடப் பந்தயம் இன்றும் பேசப்படுகிறது. மொனாக்கோவில் ஒரு கட்டத்தின் முடிவு. மைதானத்துக்குள் நுழைந்த பூலிடோர், இன்னும் ஒரு சுற்று பாக்கி இருப்பதை மறந்து முதல் சுற்றிலேயே பாய்ந்து கோட்டைத் தாண்டிவிட்டார். அடுத்த சுற்றில் ஆங்க்தில் நிதானமாக ஜெயித்து, ஒரு நிமிட போனஸையும் எடுத்துக்கொண்டார். சில நாள் கழித்து துலூஸ் போகும் வழியில் பூலிடோர் சைக்கிளை மாற்ற வேண்டி வந்தது. மெக்கானிக் ஆர்வத்தில் வேகமாகத் தள்ளிவிட, பூலிடோர் கீழே விழுந்தார். இரண்டரை நிமிடத்துக்கு மேல் போயிற்று.

அப்புறம் ஜூலை 12. பியூய் த டோம் என்ற அணைந்துபோன எரிமலை. லட்சக்கணக்கில் கூட்டம். அந்த ஏற்றத்தில் இருவரும் முன்னால் பின்னால் போகாமல், பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் உரசிக்கொண்டே ஏறினார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்க்காத சைக்கிள் ரசிகர் இருக்க முடியாது. கடைசிக் கிலோமீட்டரில் ஆங்க்தில் தளர்ந்தார். பூலிடோர் 42 நொடி முந்தினார். ஆனால், மஞ்சள் சட்டையை ஆங்க்தில் 14 நொடியில் காப்பாற்றிக்கொண்டார். பாரிஸில் முடிந்தபோது வித்தியாசம் 55 நொடி.

மொத்தக் கணக்கில் முன்னணியில் இருப்பவர் போடுவது மஞ்சள் சட்டை. பந்தயத்தை வெல்ல முடியாவிட்டாலும் ஒரு நாளாவது அதைப் போட்டுவிட வேண்டும் என்பது ஒவ்வொரு வீரரின் கனவு. பூலிடோர் 14 முறை கலந்துகொண்டார். மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். கடைசியாக மூன்றாவதாக வந்தபோது அவருக்கு வயது 40. மஞ்சள் சட்டை மட்டும் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. 1973-ல் முதல் நாள் ஓட்டத்தில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அது கைநழுவிப் போனது.

பிரெஞ்சு மொழியில் எப்போதும் இரண்டாவதாக வருகிறவரை 'பூலிடோர்' என்றே சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவர் ஜெயிக்கத் தெரியாதவர் இல்லை. 1961-ல் மிலான் - சான் ரெமோ, 1964-ல் ஸ்பெயின் சுற்று, பெரும் வீரர் எடி மெர்க்ஸை முந்தி 1972-ல் பாரிஸ் - நீஸ் என்று பெரிய வெற்றிகள் உண்டு. ஜனங்களுக்கு அதெல்லாம் நினைவில்லை. தோற்றதுதான் நினைவிருக்கிறது.

ஏன் அவ்வளவு அன்பு? வயலில், ஆலையில், கடையில் நாளெல்லாம் உழைத்தும் முதல் இடத்துக்கு வராத ஜனங்கள்தான் சாலையோரம் நின்றார்கள். அவர்கள் பூபூவிடம் தங்களைப் பார்த்தார்கள். துரதிர்ஷ்டம் கூடக் கூட ஜனங்களின் பிரியமும் கூடியது, வருமானமும் கூடியது என்று பூலிடோரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அந்த அன்புக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. ஜெயித்துக்கொண்டே இருந்த ஆங்க்திலுக்குச் சொந்த நாட்டிலேயே சீட்டி அடித்துக் கேலி செய்தார்கள். உழைத்து ஜெயித்தவருக்கு அது எப்படி வலித்திருக்கும்! ஒருவரைக் கொண்டாட இன்னொருவரை நோகடிக்க வேண்டுமா என்ற கேள்வி எந்த விளையாட்டின் ரசிகருக்கும் பொருந்தும். ஆனால், அந்த இருவரும் ரசிகர்களைவிடப் பெரிய மனசுக்காரர்கள். ஓய்வுக்குப் பிறகு நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். 1987-ல் புற்றுநோயால் மரணப் படுக்கையில் இருந்த ஆங்க்தில், 'இதிலும் நீ எனக்குப் பின்னால்தான்' என்ற பொருளில் வேடிக்கையாகச் சொன்னதைப் பூலிடோர் சொல்லியிருக்கிறார்.

வெற்றிப் பட்டியலை மட்டும் நம்பிய ரசிகர்களுக்கு இந்த விளையாட்டு கொடுத்த அடியும் சின்னதல்ல. 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள், ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012-ல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு வருடத்துக்கும் வெற்றியாளர் இடம் இன்றும் காலியாக இருக்கிறது. அந்த ஜூலை மாதங்களில் சாலையோரம் தொண்டை வறளக் கத்தியவர்களுக்கு மிஞ்சியது என்ன? பூபூவின் ரசிகர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் நேசித்ததைப் பறிக்கப் பட்டமே இல்லையே!

விதியின் குறும்பைப் பாருங்கள். பூலிடோரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்ட நெதர்லாந்து வீரர் அட்ரி வான் டெர் பூல், 1984-ல் ஒரு நாள் மஞ்சள் சட்டை போட்டார். மாப்பிள்ளைக்குக் கிடைத்தது மாமனாருக்குக் கிடைக்கவில்லை. வயதான காலத்தில் பூலிடோர், மஞ்சள் சட்டைக்கு ஸ்பான்சரான வங்கியின் தூதராக வருடா வருடம் பந்தயத்தோடு ஊர் ஊராகப் போனார். அந்த வேலைக்கான சீருடை, மஞ்சள் பனியன்! அதைப் போட்டுக்கொண்டு சிரித்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். 2019 நவம்பர் 13 அன்று, 83 வயதில் காலமானார்.

பேரன் மாத்யூ டூர் டி பிரான்ஸில் முதன்முறையாகக் கலந்துகொண்டது அதற்குப் பிறகுதான், 2021-ல். முதல் நாள் அவருடைய அணி, தாத்தாவின் பழைய அணி நிறமான ஊதாவும் மஞ்சளும் கலந்த சட்டையில், 'நன்றி பூபூ' என்ற வாசகத்தோடு வந்தது. மறுநாள் மூர் த பிரெத்தான். அந்த மேட்டை இரண்டு முறை ஏற வேண்டும். மஞ்சள் சட்டைக்கு 18 நொடி பின்தங்கியிருந்தார் மாத்யூ. போனஸ் நொடிகளுக்காக முதல் ஏற்றத்திலேயே பாய்ந்தார். இரண்டாம் ஏற்றத்தில் மறுபடியும் பாய்ந்தார். தாத்தாவுக்கு 14 வருடப் பந்தயங்களில் கிடைக்காதது, பேரனுக்கு இரண்டாவது நாளே கிடைத்தது. அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. அந்த அழுகைக்கு அதுதான் காரணம்.

2023 ஜூலை 9 அன்று, பூலிடோர் வாழ்ந்து மறைந்த சென் லியோனார் த நோப்லா ஊரிலிருந்து ஒரு கட்டம் புறப்பட்டது. முடிவு, 35 வருடத்துக்குப் பிறகு பியூய் த டோம். பேரனும் அந்தக் கூட்டத்தில் ஓட்டினார். சாலை குறுகல், பாதுகாக்கப்பட்ட மலை என்பதால் கடைசி நாலு கிலோமீட்டருக்கு மேல் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அன்று லட்சம் பேர் கத்திய இடத்தில் வீரர்களின் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

ஆனால், காலையில் பூபூவின் ஊரில் கூட்டத்துக்குக் குறைவில்லை.