நர்ஸ் 1-க்கு ஒரு பேர்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு மழை பிடித்ததிலிருந்து முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல். ஆனாலும் இரண்டு வேளையும் வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்துவிடுகிறாள். நேற்று உன்னைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

நீ போனில் கேட்ட கேள்வி இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. சீரியலுக்கு வசனம் எழுதும் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆயிற்று, இன்னமும் நாயகிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் வசனம்தான் கைக்கு வருகிறது என்றாய். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பக்கத்தையும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் காட்சி. நாயகிக்குப் பேர் இருக்கிறது, மாமியாருக்கு இருக்கிறது, ஒரே நிமிஷம் வந்து போகிற டாக்டருக்குக்கூட இருக்கிறது. விடிய விடிய அந்த வார்டில் நிற்கிறவள் மட்டும் ‘நர்ஸ் 1’. “இவளுக்கு நாலு வரி எழுத நான் எதுக்குப் பெரியம்மா உயிரைக் கொடுக்கணும்? யாரு பார்க்கப் போறா?” என்று கேட்டாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. வந்த பதிலைப் போனில் சொல்லி முடியாது என்றுதான் கடிதம்.

உனக்கு நான் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் தூர்தர்ஷன் வந்த புதிது. தெருவில் ஒரே வீட்டில்தான் டிவி. கறுப்பு வெள்ளை, கதவு வைத்த மரப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார் டிரெக் போடுவார்கள். அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் தொடங்கி 1969 ஜூனில் முடிந்துபோன விண்வெளிக் கப்பல் தொடர் அது. நாங்கள் அதைப் புத்தம் புதிது என்று நினைத்துத் தரையில் சம்மணம் போட்டுப் பார்த்தோம். அவர்கள் பேசிய இங்கிலீஷில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குப் பிடிபடவில்லை. அதனால் முகங்களைப் பார்த்தேன். பையன்களுக்கெல்லாம் கேப்டன் கிர்க்கும், கூர்க்காது ஸ்பாக்கும் போதும். நான் கேப்டனின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கறுப்பினப் பெண் விளக்குகள் மினுக்கும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காதில் ஒரு கருவி. அதை விரலால் தொட்டபடி, எங்கிருந்தோ வரும் குரலைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம், பாப்பா. எங்கம்மா வேலையில் இருக்கும்போது வைத்திருக்கும் முகம்.

உங்க ஆச்சி அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். நைட் டியூட்டி நாளில் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோவேன். உள்ளே எட்டிப் பார்த்தால் வரிசையாகப் பலகைகள், சொருகிச் சொருகி எடுக்கும் வயர்கள், எல்லார் தலையிலும் ஹெட்செட். பம்பாய்க்கு அர்ஜென்ட் கால், மெட்ராஸுக்கு பி.பி. கால், மூன்று நிமிஷம் ஆனால் நடுவில் புகுந்து சொல்ல வேண்டும். சாவுச் செய்தியானாலும் பிள்ளை பிறந்த செய்தியானாலும் அவள் கையால் இணைப்புக் கொடுத்த பிறகுதான் போய்ச் சேரும். கூப்பிடுகிறவர்களுக்கு அவள் ‘ஏம்மா, எக்ஸ்சேஞ்ச்’. அவ்வளவுதான்.

டிவியில் இருந்த பெண்ணும் அப்படித்தான் இருந்தாள். லெப்டினன்ட் உஹுரா, கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி. உஹுரு என்றால் ஸ்வாஹிலி மொழியில் சுதந்திரம், அதிலிருந்து செய்த பேர். ஆனால் அது பாதிப் பேர்தான். கேப்டன் ஜேம்ஸ், டாக்டர் லெனார்ட், என்ஜினியர் மான்ட்கோமரி. மொத்தம் 79 அத்தியாயம், ஒன்றில்கூட உஹுராவின் முதல் பேர் என்ன என்று யாரும் சொல்லவில்லை. கப்பலைச் செலுத்திய ஆசிய முகத்துக்காரர் சுலுவுக்கும் அதே கதி. அதே தொடருக்காக முதலில் எடுத்து, தொலைக்காட்சி நிறுவனம் வேண்டாமென்று தள்ளிய மாதிரி அத்தியாயத்தில் கப்பலின் இரண்டாவது பெரிய அதிகாரியே ஒரு பெண். அவளுக்குப் பேர் ‘நம்பர் ஒன்’. உன் நர்ஸுக்கு அவள் மூத்த அக்கா.

உஹுராவாக நடித்தவர் நிஷெல் நிக்கோல்ஸ். டியூக் எலிங்டனின் இசைக்குழுவோடு பாடி ஆடியவர். அவர் 1994-இல் எழுதிய சுயசரிதையை உன் மாமாவிடம் சொல்லி வாங்கி வரச் செய்து படித்தேன். எழுதிக் கொடுத்த வசனம் படப்பிடிப்புக்குள் அடிபட்டுக் குறைந்துகொண்டே போனதைச் சொல்கிறார். கடைசியில் வாராவாரம் மிஞ்சுவது ஒரே வரி. எதிரே வரும் கப்பலோடு பேச அலைவரிசை திறந்திருக்கிறது என்கிற வரி. ஆச்சி பாஷையில் சொன்னால் ‘லைன் கிடைச்சாச்சு, பேசுங்க’. அந்த வரியே அவருக்கு அலுத்துப்போனது. முதல் வருஷம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு நியூயார்க் நாடக மேடைக்குப் போகிறேன் என்று தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியிடம் சொல்லிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு விழா. உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்று யாரோ சொல்ல, திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் லூதர் கிங். என் மனைவியும் நானும் எங்கள் பிள்ளைகளைப் பார்க்க விடுகிற தொடர் இது ஒன்றுதான் என்றார் அவர். விலகப் போகிறேன் என்று நிக்கோல்ஸ் சொன்னதும், கூடாது என்று மறித்தார். நம்மை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி உலகம் இப்போதுதான் பார்க்கிறது என்றார். நிக்கோல்ஸ் தங்கிவிட்டார். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

கிங் மாதிரி ஒரு பெரிய மனிதர் சொன்னதால் இருந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அத்தனை போராட்டத்துக்கு நடுவில், அந்த மனிதர் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேப்டனின் தோளுக்குப் பின்னால் பார்த்திருக்கிறார். நான் பார்த்த அதே இடத்தை.

இன்னும் பலர் அங்கேயே பார்த்திருக்கிறார்கள். நடிகை வூப்பி கோல்ட்பெர்க் சிறுமியாக இருந்தபோது உஹுராவைப் பார்த்துவிட்டு, டிவியில் ஒரு கறுப்பினப் பெண் வருகிறாள், அவள் வேலைக்காரி இல்லை என்று கத்தி வீட்டையே கூட்டியிருக்கிறார். பெரிய நட்சத்திரமான பிறகு, அடுத்த தலைமுறை ஸ்டார் டிரெக்கில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று தானே கேட்டு வாங்கி, 1988 முதல் கைனன் என்ற சின்ன வேடத்தில் வந்தார். 1977-இல் நாசா, விண்வெளி வீரர் வேலைக்குப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்ணப்பிக்கச் சொல்லும் பொறுப்பை நிக்கோல்ஸிடமே கொடுத்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். எட்டாயிரத்துக்கு மேல் விண்ணப்பம். 1978-இல் எடுத்த 35 பேரில் ஆறு பேர் பெண்கள். சின்ன வயதில் உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், 1992 செப்டம்பர் 12 அன்று எண்டெவர் விண்கலத்தில் போனார். விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண். அங்கே தன் வேலை நேரத்தை அவர் எந்த வரியைச் சொல்லித் தொடங்கினார் தெரியுமா? அலைவரிசை திறந்திருக்கிறது என்கிற அதே வரி. நிக்கோல்ஸுக்கு அலுத்துப்போன வரி.

நாலு வரிக்கு உயிரைக் கொடுக்கணுமா என்று கேட்டாயே, இது ஒரே வரி.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். தொடர் தராத பேரை அவளை நேசித்தவர்கள் தந்தார்கள். ஸ்டார் டிரெக் ரசிகர்களில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1967-லேயே இரண்டு பெண்கள் சேர்ந்து அதற்கென்று ஒரு சின்னப் பத்திரிகை கொண்டுவந்தார்கள், நம் ஊரில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவோமே, அந்த மாதிரி. அதன் வழியில் பின்னால் எத்தனையோ வந்தன. தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் பீஜோ டிரிம்பிள் என்ற பெண்ணும் அவர் கணவரும் ஊரையெல்லாம் திரட்டிக் கடிதம் போடவைத்தார்கள். 1968 மார்ச் 1 அன்று தொடர் தொடரும் என்று டிவியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த ரசிகர் கூட்டத்திலிருந்தே வந்த வில்லியம் ராட்ஸ்லர் என்ற ஓவியர் 1982-இல் ஒரு புத்தகத்தில் உஹுராவுக்கு ‘நியோட்டா’ என்று பேர் வைத்தார். ஸ்வாஹிலியில் நட்சத்திரம். நிக்கோல்ஸுக்கும் அது பிடித்திருந்தது. ரசிகர்கள் அந்தப் பேரை விடவில்லை, தங்கள் கதைகளில் அவளை அப்படியே கூப்பிட்டார்கள். 27 வருஷம் கழித்து, 2009-இல் வந்த சினிமாவில் ஸ்பாக் அவளை நியோட்டா என்று அழைத்தபோதுதான் அந்தப் பேர் முதல்முறையாகத் திரையில் ஒலித்தது. தியேட்டர் இருட்டில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த உன் சித்தி, எதுக்குக்கா அழுறே என்று பதறிப்போனாள். தொலைந்துபோன பிள்ளையைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்!

அவ்வளவு குறைவாக எழுதியும் உஹுரா எப்படி நின்றாள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். உன் தொழிலுக்கு உதவும், கவனமாகக் கேள். காட்சி தொடங்குவதற்கு முன்பிருந்தே அவள் வேலை செய்துகொண்டிருப்பாள். கேப்டன் உள்ளே வந்ததால் அவள் அங்கே இல்லை. அவர் வராவிட்டாலும் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். ஓர் அத்தியாயத்தில் பலகையின் உட்புறத்தைத் திறந்து நுணுக்கமான பழுது பார்க்கிறாள். இதுக்கு உங்களை விடத் தகுதியானவர் யாரும் இல்லை என்று ஸ்பாக்கே சொல்லுவார். இன்னோர் அத்தியாயத்தில், எல்லாரும் கொடியவர்களாக இருக்கும் கப்பலில் மாட்டிக்கொள்கிறார்கள். அவளைத் தனியாக அனுப்பப் பார்க்கிறார் கேப்டன். அவளுக்குப் பயம். அதை மறைக்காமல் காட்டுகிறாள், ஒரு மூச்சு நிற்கிறாள், பிறகு நிமிர்ந்து நடக்கிறாள். அந்த ஒரு மூச்சில்தான் ஒரு முழு மனுஷியைப் பார்த்தேன். கப்பலின் தலைமையை அவள் கையில் பார்க்க 1973-இல் வந்த கார்ட்டூன் தொடர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகையால் உன் நர்ஸை நினைத்துப்பார். நாயகி அழுதுகொண்டு உள்ளே ஓடி வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? பக்கத்துக் கட்டிலில் யாருக்கு டிரிப்ஸ் முடியப்போகிறது? அடுத்த டியூட்டிக்கு ஆள் வந்தாளா? சாப்பிட்டாளா? இதையெல்லாம் வசனமாக எழுதச் சொல்லவில்லை. அந்த நாலு வரியும் இதையெல்லாம் தெரிந்த ஒருத்தி பேசுகிற வரியாக இருக்கட்டும். ‘நர்ஸ் 1’ என்பதை அடித்துவிட்டு ஒரு பேர் எழுது. யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். காகிதத்தில் இருந்தால் போதும். ஒரு நாள் சம்பளத்துக்கு வந்து மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண், தன் பக்கத்தை எடுத்துப் பார்ப்பாள் இல்லையா? அவளுக்குத் தெரியட்டும், தான் யார் என்று.

நேற்று ராத்திரி ஆச்சிக்குக் காலில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டேன். “ஏம்மா, அத்தனை வருஷத்துல யாராவது உன் பேரைக் கேட்டாங்களா?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள், தூத்துக்குடியில் ஓர் உப்பு வியாபாரி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று மெட்ராஸுக்கு கால் போட்டாராம். லைன் கிடைக்கவே இல்லை. இவள் மதுரை வழியாக, திருச்சி வழியாக என்று மாற்றி மாற்றி முயற்சி செய்து, விடியும் முன் வாங்கிக் கொடுத்தாளாம். பேசி முடித்தவர், “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்சுக்கு அவரிடமிருந்து எப்போது கால் வந்தாலும், லைனில் யார் இருந்தாலும், முதலில் ஆச்சி பேரைச் சொல்லி நல்லாயிருக்காங்களா என்று விசாரிப்பாராம்.

அவர் முகத்தை ஆச்சி பார்த்ததே இல்லை. என் போன் நம்பரையே மறந்துவிடுகிறவள், அந்த உப்புக் கடை நம்பரை நேற்று ராத்திரி என்னிடம் தடுமாறாமல் சொன்னாள்.

நர்ஸுக்கு என்ன பேர் வைத்தாய் என்று எழுது. ஆச்சியும் நானும் அந்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறோம்.

உன் பிரியமுள்ள,
பெரியம்மா