தகரக் கூட்டுக்குள் ஒரு விசிறி

நவம்பர் 16, சனி. நோர்த் பே

கடைசியில் வாங்கியே விட்டேன். 1994ஆம் ஆண்டுப் பொலாரிஸ் இண்டி ட்றெயில் ஸ்னோமொபைல். 488 சிசி, இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், விசிறிக் குளிர்ச்சி. எண்ணூறு டொலர். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிரெஞ்சுக்காரக் கிழவர் பத்து வருடமாகக் கொட்டிலுக்குள் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தது. மீட்டரில் 6,118 கிலோமீற்றர்.

கராஜுக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் மனைவி வாசலில் நிற்கிறாள். "உந்தப் பழசை வச்சுக்கொண்டு என்ன செய்யப் போறியள்?"

நிப்பிசிங் ஏரி உறைந்ததும் மீன் பிடிக்கப் போகிறேன் என்றேன்.

"கடையில மீன் இல்லையோ?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் கதவை இறக்கினேன். ஸ்காபரோ மச்சானுக்குப் படம் அனுப்பினால் உடனே போன் வருகிறது: "அத்தான், லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்கு ஸ்கீ பூட்டினமாதிரியெல்லோ கிடக்கு!"

நவம்பர் 17, ஞாயிறு

கிழவர் நேற்றே, "கயிற்றை இழுத்துப் பார், பிடிக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். இழுக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

இன்று என்ஜினை மூடியிருக்கும் தகரக் கூட்டைக் கழற்றினேன். இந்த வகை என்ஜினுக்கு ரேடியேற்றரும் இல்லை, தண்ணீரும் இல்லை. சுழல்தண்டு ஒரு சின்ன பெல்ற்றால் விசிறியைச் சுழற்றும். விசிறி தள்ளும் காற்று தகரக் கூட்டுக்குள் அடைபட்டு, சிலிண்டர்களின் செதில்களுக்கு நடுவே ஓடி, சூட்டை அள்ளிக்கொண்டு வெளியே போகும். இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. ஆனால் அந்தக் காற்று போகிற வழி அடைபட்டால் கதை முடிந்தது.

அடைபட்டிருந்தது. ஒரு எலிக்குடும்பம் சீற்றின் பஞ்சைப் பிய்த்து, காய்ந்த புல்லும் காகிதமும் சேர்த்து, இரண்டாவது சிலிண்டரைச் சுற்றிப் பஞ்சணை போட்டு வைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்ஜின் நல்லாகவே ஸ்ரார்ட் ஆகியிருக்கும். பத்து நிமிடம் ஓடி, பிஸ்ரன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொண்டிருக்கும். சாமணம், பழைய பல்துலக்கி, வாக்குவம் கிளீனர் என்று இரண்டு மணித்தியாலம் போனது. அந்த வாக்குவம் கிளீனர் வீட்டுக்குள் பாவிப்பது என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

விசிறி பெல்ற்றும் வெடித்திருந்தது. புதிது போட்டேன். அதன் கப்பி இரண்டு பாதியாக இருக்கும். நடுவில் மெல்லிய வளையத் தகடுகள். ஒரு தகட்டை நடுவிலிருந்து எடுத்தால் பாதிகள் நெருங்கும், பெல்ற் மேலேறும், இறுகும். தளர்ந்தால் வழுக்கும்; விசிறி சோம்பும். கூட இறுகினால் விசிறியின் பேரிங் செத்துப்போகும். நான் வீரமாக இரண்டு தகட்டை எடுத்துவிட்டேன். விரலால் அழுத்தினால் பெல்ற் வீணைத் தந்திமாதிரி நின்றது. படுத்தும் நித்திரை வரவில்லை. இரவு பதினொரு மணிக்கு எழும்பிப் போய் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 30, சனி

காபரேற்றர் நாள். மிக்குனி, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு. பழைய பெற்றோல் உள்ளே பச்சை அரக்காய் உறைந்திருந்தது.

காபரேற்றரை நான் படித்தது யாழ்ப்பாணத்தில். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது ஊரே மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக் அடிக்கடி கரிபிடிக்கும். நடு ரோட்டில் கழற்றி, சீலையில் துடைத்து, திரும்பப் பூட்டி ஓடுவோம். அங்கே கற்ற ஒரு பாடம் இங்கேயும் செல்லும்: பிளக்கின் முகத்தைப் பார்த்தால் என்ஜினின் வயிறு தெரியும். வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதவில்லை, சூடு ஏறுகிறது. கறுத்து நனைந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. சொக்லேற் நிறத்தில் இருந்தால் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

ஜெற்றுகளின் ஓட்டையைக் கம்பி விட்டுக் குடையாமல், கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தேன். காபரேற்றரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர் இரண்டிலும் மயிரிழை வெடிப்பு. அதனூடே களவுக்காற்று புகுந்தால் கலவையில் பெற்றோல் குறைந்து பிஸ்ரனில் ஓட்டை விழும். இரண்டையும் மாற்றினேன். பெற்றோல் குழாய்களும் புதிது.

டிசம்பர் 8, ஞாயிறு

மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். அவனுடைய திட்டம் வேறு: "அப்பா, ரெட்டை சைலன்சர் போடுவம். இல்லாட்டி உடைச்சு விக்கிற இடத்தில தண்ணிக் குளிர்ச்சி என்ஜின் ஒண்டு எடுத்து மாத்துவம்."

அப்படி மாற்றினால் கிளச், பிரேக், என்ஜின் தாங்கி, பக்கச் சங்கிலிப்பெட்டியின் பல்விகிதம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒன்ராறியோவில் தடத்தில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். இந்த மெசின் இப்போதே அதைத் தாண்டும். பிறகெதற்குக் கூடுதல் குதிரைகள்?

காசை வேறு இடத்தில் போட்டேன். ஒடுங்கிய பழைய இரும்பு ஸ்கீகளைக் கழற்றி, அகலமான பிளாஸ்ரிக் ஸ்கீகளும் அடியில் புதிய காபைட் அலகுகளும் பூட்டினேன். முன் ஷொக் இரண்டும் மாற்றியாயிற்று. கைப்பிடியைச் சூடாக்கும் தகட்டில் ஒன்று செத்திருந்தது, அதுவும் புதிது. பிறகு, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய மேம்பாடு: பிளக்கின் அடியில் வளையம்போல் உட்காரும் ஒரு சூடுமானி. எலி குடியிருந்த சிலிண்டரிலேயே மாட்டினேன். இந்த மெசினில் சூட்டுக்கு அபாய விளக்கெல்லாம் கிடையாது. பெல்ற் அறுந்தால் சொல்ல ஆளில்லை.

எல்ஈடி விளக்கு மட்டும் தோல்வி. இந்தப் பழைய மெசினில் விளக்குக்குப் போவது மாறுமின்னோட்டம். கையில் சுழற்றிப் பார்த்தபோதே திருவிழாப் பந்தல்மாதிரி மினுங்கியது. நாற்பது டொலர் தண்டம். பழைய குமிழையே திரும்பப் போட்டேன்.

டிசம்பர் 21, சனி

வெளியே மைனஸ் 14. ஒயில் பம்பின் நெம்புகோலில் உள்ள குறியும் உடலில் உள்ள குறியும் நேர் நிற்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். அப்படியும் நம்பிக்கை வராமல் முதல் ராங்கிப் பெற்றோலில் ஐம்பதுக்கு ஒன்று கணக்கில் ஒயிலும் கலந்தேன். பம்ப் தூங்கினாலும் பிஸ்ரன் பிழைக்கும்.

சோக்கை இழுத்தேன். ஏழாவது இழுப்பில் இருமியது. எட்டாவதில் பிடித்தது. கராஜ் முழுக்க நீலப் புகை. உள்ளிருந்து மனைவியின் சத்தம். முப்பது வயது டூ ஸ்ட்ரோக்கின் ஐடில் சத்தம் அழகானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தகர வாளிக்குள் கூழாங்கல் போட்டு ஆட்டுவதுபோல் இருக்கும். ஆனால் இரண்டு சிலிண்டரும் எரிந்தன.

ஜனவரி 5, ஞாயிறு

முதல் ஓட்டம். அனுமதிச்சீட்டு எடுத்தாயிற்று. 1999ஆம் ஆண்டு மொடலுக்கும் அதற்கு முந்தியதற்கும் ஒன்ராறியோ ஸ்னோமொபைல் சங்கம் குறைந்த விலையில் தனிச் சீட்டு தருகிறது. பழசு வாங்கியதில் இலாபம் என்று வீட்டில் சொல்லிக்காட்டக்கூடிய ஒரேயொரு இடம் அதுதான்.

இருபது கிலோமீற்றர் பைன் காட்டுக்குள். கிழவர் விற்கும்போது, "அது முன்னால் போனவனின் வரியிலேயே ஓடும்" என்று எச்சரித்திருந்தார். பழைய இரும்பு ஸ்கீ அப்படித்தான்: மற்றவர்களின் அலகு வெட்டிய கோட்டுக்குள் விழுந்து இழுபடும், தோள்மூட்டு கழன்றுவிடும். புது ஸ்கீ கோட்டைக் கடந்து போகிறது. ஒரு விரலால் திருப்பலாம் என்று எழுதக் கை வருகிறது, அது பொய். இரண்டு கையால் திருப்பலாம்.

பின் சஸ்பென்ஷன் அப்படியேதான் இருக்கிறது. நாரி இதை எழுதும்போதும் சொல்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

விடிய மைனஸ் 31. நேற்றிரவு வெளியில் விட்டது பிழை. ஓடிய சூட்டில் உருகிய பனி திரும்ப உறைந்து, ரப்பர்ப் பட்டையும் ஸ்கீயும் நிலத்தோடு ஒட்டிவிட்டன. பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டு விடுவித்தேன். இனிமேல் அடியில் பலகை.

மைனஸ் 5 காற்றைவிட மைனஸ் 30 காற்று ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. காற்றுக் கூடி, பெற்றோல் பழைய அளவிலேயே வந்தால் என்ஜின் வேகும். வெளியில் இப்படிக் குளிர, உள்ளே வேகுமா என்று மகன் போனில் சிரித்தான். வேகும்; இந்தக் குளிரில்தான் நிறைய பிஸ்ரன்கள் போகும். பிரதான ஜெற்றைப் பத்து எண் பெரிதாக மாற்றினேன். விரல் நுனி மரத்து ஒரு ஜெற் பனிக்குள் விழுந்தது. காந்தம் வைத்துத் தேடினேன், பித்தளையைக் காந்தம் பிடிக்காது என்பது கால் மணி கழித்து நினைவு வந்தது.

ராத்திரி படித்தது: மின்னெசோட்டாவின் காப்புறுதி முகவர் ரால்ஃப் பிளெய்ஸ்ரெட் 1968 ஏப்ரலில் ஸ்னோமொபைலிலேயே வடதுருவம் போய்ச் சேர்ந்தார். அமெரிக்க விமானப்படையின் வானிலை விமானம் மேலே பறந்து, அவர் நிற்பது துருவத்தில்தான் என்று உறுதிப்படுத்தியது. தண்ணீர்க் குளிர்ச்சி மெசினில் அல்ல.

பெப்ரவரி 2, ஞாயிறு

ஏரி. இந்த நாளைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும்.

கிழவர், அவருடைய பேரன், நான். மனிற்று தீவுகள் பக்கம் போவதாக ஏற்பாடு. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போய் ஓகரால் துளைத்துப் பார்த்தோம்: 46 சென்ரிமீற்றர். செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்குச் சொல்வது 25. அப்படியும் கழுத்தில் பனிக்குத்தூசி மாட்டியிருந்தேன். மனைவியின் நிபந்தனை.

பேரனுடையது புத்தம் புதிய தண்ணீர்க் குளிர்ச்சி மெசின். என் மெசினைப் போல இரண்டு மடங்கு வலு. கரையோரம் முழுக்க அவன் முன்னால் போய் நின்று எங்களுக்காகக் காத்திருந்தான். நடு ஏரியில் காற்று பனியையெல்லாம் வழித்துக்கொண்டு போயிருந்தது. கறுப்புக் கண்ணாடிமாதிரி வெறும் ஐஸ். பத்து நிமிடத்தில் அவனுடைய திரையில் சிவப்பு எரிந்தது. அந்த வகை மெசின்களில் சூட்டைக் கடத்தும் தகடுகள் பட்டைக்கு மேலே, கூரைபோல் இருக்கும். பட்டை சுழன்று எறியும் பனிதான் அவற்றைக் குளிர்விக்கும். எறியப் பனி இல்லையென்றால் கொதிக்கும். மைனஸ் 18இல் நிறுத்தி, ஐஸ் விளிம்பில் கிடந்த கொஞ்சப் பனியைக் கையால் அள்ளி உள்ளே போட்டுக்கொண்டிருந்தான். என் சூடுமானி 170. தகரக் கூட்டுக்குள் விசிறி தன்பாட்டில் சுற்றியது.

கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. மீசைக்குள் சிரித்தார். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நிமிர்வு ஐந்து நிமிடம் நின்றது. திரும்பப் புறப்பட்டதும் பிளாஸ்ரிக் எரிகிற மணம். என்னுடையதுதான். பட்டை ஓடும் தண்டவாளத்தின் அடியில் உள்ள பிளாஸ்ரிக் கீலங்களுக்கும் பனிதான் எண்ணெய், பனிதான் தண்ணீர். என்ஜினுக்குப் பனி வேண்டாம், பட்டைக்கு வேண்டும். இதை யோசிக்காமல் எலிக்கும் ஜெற்றுக்கும் மூன்று மாதம் செலவழித்திருக்கிறேன். பேரன் இறங்கி வந்து என் பட்டைக்கடியிலும் பனி அள்ளிப் போட்டான், ஒரு சொல்லும் சொல்லாமல். நல்ல பிள்ளை.

பிறகு பனி படிந்த இடமாகத் தேடித் தேடி, வளைந்து வளைந்து போனோம். பேர்ச் மீன் பதினொன்று.

பெப்ரவரி 8, சனி

ஐஸைக் கீறி, பொடியைப் பட்டைக்குள் தூவும் வில்லுக்கம்பி ஒரு சோடி பூட்டினேன். அறுபது டொலர், அரை மணித்தியால வேலை. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. புதுக் கீலங்களும் போட்டாயிற்று.

போன ஞாயிறு பேர்ச்சை மனைவி பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தாள். இன்றைக்கும் ஏரிக்குப் போகவில்லையா என்று அவளே கேட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

பிளஸ் 4. குளிருக்குப் போட்ட ஜெற் இப்போது பெரிது. புகைந்து, திணறி, ஒரு பிளக் நனைந்து செத்தது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி ஏரிக்கரையில் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். சிறிய ஜெற்றுக்கு மாறியதும் ஓட்டம் சரி, ஆனால் சூடுமானி 205 தொட்டது. வெயில் நாளில் விசிறிக்குக் கிடைப்பதும் வெயில் காற்றுத்தானே. மெதுவாகவே திரும்பினேன்.

மார்ச் 29, சனி

கரையோரம் ஐஸ் சாம்பல் நிறம். இந்தப் பருவம் முடிந்தது. ராங்கியையும் காபரேற்றர் கிண்ணங்களையும் வடித்தேன். சிலிண்டருக்குள் ஒயில் தெளித்து, கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுத்தேன். ஓட்டப் பெல்ற்றைக் கழற்றித் தொங்கவிட்டேன். பின்பக்கம் கட்டையில் தூக்கி வைத்தாயிற்று.

மீட்டர்: 6,731. இந்தக் குளிர்காலத்தில் ஓடியது 613 கிலோமீற்றர்.

சைலன்சர் வாயிலும் விசிறி வாயிலும் கம்பிப் பஞ்சு அடைத்தேன். கராஜ் மூலையில் எலிப்பொறி இரண்டு, கருவாட்டுத் துண்டுடன்.